வெள்ளையில் வெள்ளை எழுத்து

என் மனுசன் சுபாஸ்கரனுக்குச் சீட்டு விளையாடத் தெரியாது. லண்டன் மோர்டனில் இது தெரியாத தமிழர் கிடையாது. எந்த வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் ஆண்கள் ஒரு மூலையில் முந்நூற்றுநாலு என்கிற சீட்டு விளையாட உட்காருவார்கள். சுபாஸ்கரன் அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். யாராவது மேசையில் அடித்துக் கத்தினால், வென்று கத்துகிறார்களா தோற்றுக் கத்துகிறார்களா என்று என்னிடம் வந்து கேட்பார். அப்படிப்பட்ட மனுசன்தான் வங்கியில் ஆட்குறைப்பு என்று வேலை போன கையோடு, புதிதாகப் போக்கர் சீட்டாட்டம் பழகுகிறவர்களுக்கு ஓர் இணையத்தளம் தொடங்கினார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றேன்.

"சூதாட்டம் இல்லையப்பா. பழக்கிறது மட்டும்தான். நீர் பிள்ளையளுக்குத் தமிழ் பழக்கிறீர். நான் வெள்ளைக்காரருக்குப் போக்கர் பழக்கிறன். விளம்பரக்காரர் ஏதும் தருவினம்."

தமிழும் போக்கரும் ஒரே தட்டில்! எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவருக்குப் புட்டு மட்டும்தான், கறி இல்லை.

முதல் பாடத்திலேயே ஆள் அகப்பட்டுக்கொண்டார். சீட்டுக்கட்டில் ஜாக்தான் பெரியது, ஏஸ் அதற்குக் கீழே என்று எழுதிப் போட்டுவிட்டார். முந்நூற்றுநாலில் அப்படித்தான். தேத்தண்ணீர் கொண்டுபோன இடத்தில் காதில் விழுந்ததை உலகத்துக்கே பொதுவான சட்டம் என்று நினைத்துவிட்டார். யாரோ ஓர் ஆங்கிலேயன் வயிறு குலுங்கச் சிரித்து எழுதியிருந்தான். பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்துத் திருத்தினார். படிக்கிறதில் மட்டும் மனுசன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தளத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. கடையைத் திறந்துபோட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற முதலாளி போல, கணினிக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இருந்தார். அதன் பிறகுதான் எஸ்.ஈ.ஓ. என்கிற கண்டறியாத சாமான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. தேடுகிறவர்களுக்குக் கூகிள் எங்கள் பக்கத்தை முன்னால் காட்டச் செய்கிற வித்தையாம். சாப்பாட்டு மேசையில் எனக்கும் பாடம் நடந்தது.

"முதல்லை தலைப்பு. சனம் என்ன சொல்லைப் போட்டுத் தேடுதோ அந்தச் சொல்லே தலைப்பிலை இருக்கவேணும். நான் 'சீட்டுக் கலையின் முதற்படிகள்' எண்டு இங்கிலீசிலை பவிசாய் வைச்சிருந்தன். ஆர் அப்பிடித் தேடுவினம்? 'போக்கர் ஃபோர் பிகினர்ஸ்' எண்டுதான் அடிப்பினம். அதைத் தலைப்பிலை போட்டன், பக்கத்துக்குள்ளையும் போட்டன். அப்பவும் கூகிளிலை ஏழாம் பக்கத்திலைதான் நிக்கிறன்."

"ஏழாம் பக்கத்துக்கு ஆர் போவினம்?"

"நானே போறதில்லை."

"அப்ப விட்டிட்டு ஒரு வேலையைத் தேடுங்கோ."

"பொறும் நகுலா. தலைப்பு என்னைப் பற்றி நானே எழுதுறது. அதைக் கூகிள் முழுக்க நம்பாது. வேறை தளங்களிலையிருந்து எங்கடை தளத்துக்கு இணைப்பு வரவேணும். உமக்கு ஏன் சனம் போன் எடுத்து மாப்பிள்ளை விசாரிக்குது? மாப்பிள்ளையே வந்து நான் நல்லவன் எண்டால் ஆர் நம்புவினம்? நகுலா ரீச்சர் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். கூகிளும் அப்பிடித்தான். அயலட்டையிலை விசாரிக்கும். சொல்லுற ஆள் மதிப்பான ஆளோ எண்டும் பாக்கும்."

நான் சிரித்தேன். அதுவும் பெருமையோடு சிரித்தேன், மடைச்சி.

அவர் சொன்னது பொய்யில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நான்தான் நடத்துகிறேன். மோர்டனில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. பெடியன் எப்படி, பெட்டை எப்படி, இந்த ட்யூசன் வாத்தியாரை நம்பலாமா என்று போன் வரும். நான் சொன்னால் அதோடு பேச்சு முடியும். வீடு வாசல், நகை நட்டு என்று மற்றவர்கள் சேர்த்த இடத்தில் நான் சேர்த்தது அது ஒன்றுதான். அதனால்தான் நானும் வாயை அளந்து திறப்பேன், வீட்டில் தவிர.

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் என் பின்னால் வந்து நின்று, "உம்மடை நல்ல படமொண்டு தாருமன்," என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

கலியாணத்துக்குப் பிறகு இந்த மனுசன் என் படம் கேட்டது அன்றைக்குத்தான். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறதில் மனைவியின் அருமை விளங்கியிருக்கிறதாக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பரிசளிப்பு விழாவில் ஊதாப் பட்டுச்சேலையோடு, மைக்குக்கு முன்னால் சிரித்தபடி நிற்கிற படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். காதிலிருக்கிற வைரத்தோடு நன்றாகத் தெரிகிற படம்.

கோடை முடிகிற நேரம் அவருடைய தளம் கூகிளில் இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டது. அகப்பையும் கையுமாகக் குசினிக்குள் ஆடினார். "என்னண்டு வந்தது?" என்று கேட்டேன். "மதிப்பான ஒரு இடத்திலை ஒரு சொல்லு விழுந்திட்டுது," என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. சரஸ்வதி பூசைக்குப் பள்ளியில் நடத்துகிற வாணி விழா வேலை தலைக்குமேல் இருந்தது.

அந்த வருடத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தை மாதத்திலிருந்து சனமெல்லாம் ஊரில் போரை நிறுத்தச் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று, கத்தி, அழுது, வைகாசியோடு எல்லாம் முடிந்துபோய் வீட்டுக்கு வந்து பேச்சில்லாமல் கிடந்தது. பள்ளிக்கு வந்த தாய்மாரின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. புரட்டாதியில் வாணி விழாவையாவது குறையில்லாமல் செய்வோம், சின்னதுகளுக்கு அரிசியில் முதல் எழுத்து எழுதுவித்து ஏடு தொடக்குவோம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். ஏடு தொடக்க ஐயரைக் கேட்போமா என்று பேச்சு வந்தபோது, எங்கள் பள்ளி நிர்வாகசபைத் தலைவர் சச்சிதானந்தன், "ரீச்சரின்ரை கையாலை எழுதினால்தான் பிள்ளையளுக்குப் படிப்பு வரும்," என்று முடித்துவிட்டார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

விழாவன்று காலையில் மண்டபத்தில் கஸ்பர் மாஸ்டர் மடிக்கணினியைப் பெரிய திரைக்குப் பொருத்திப் பள்ளியின் இணையத்தளத்தைத் திறந்துகொண்டிருந்தார். அவர் இரண்டாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். வேதக்காரர். ஆனாலும் வாணி விழாக் கடலை அவர்தான் அவிப்பார். "கர்த்தரையும் சரஸ்வதியையும் நான் ஏன் மூட்டி விடுவான்?" என்பார். முந்நூற்றுநாலில் அவரை வெல்ல லண்டனில் ஆள் இல்லை. பள்ளியின் இணையத்தளத்தைத் திறக்கிற கடவுச்சொல் இரண்டு பேரிடம்தான் இருந்தது: அதைச் செய்து தந்த என் மனுசனிடமும், ஒவ்வொரு கிழமையும் அறிவித்தல் போடுகிற மாஸ்டரிடமும்.

"மாஸ்டர், வெள்ளையாய்ச் செத்தவீடு மாதிரிக் கிடக்கு," என்றேன் திரையைப் பார்த்து. "இண்டைக்கு எண்டாலும் மங்களகரமாய் மஞ்சள் போடேலாதோ?"

"ஏலும் ரீச்சர். பக்கத்தின்ரை பின்னணி நிறத்தை ஒரு இடத்திலை மாத்தினால் சரி."

மாற்றினார். நல்ல கடும் மஞ்சள், அப்போதுதான் அரைத்து எடுத்தது போல. மண்டபமே வெளிச்சமானது. சுபாஸ்கரன் அப்போது டூட்டிங்குக்குப் பூமாலை எடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லுகிறதற்கு இதில் என்ன இருக்கிறது?

பூசை முடிந்தது. மேடைக்குக் கீழே பாய் விரித்து, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, நான் சம்மணம் கட்டி இருந்தேன். பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் வேட்டியுமாக வரிசையில் நின்றார்கள். ஏடு தொடக்க முன்னர் சச்சிதானந்தன் நாலு வார்த்தை பேசினார். எங்கள் இணையத்தளத்துக்குக் கவுன்சில் நூலகங்களின் இணையப் பக்கத்தில்கூட இணைப்பு இருக்கிறது என்று சொல்லி, "மாஸ்டர், ஒருக்காக் காட்டுங்கோ," என்றார்.

மாஸ்டர் பக்கத்தை மெதுவாகக் கீழே இறக்கினார். சரஸ்வதி படம் போனது. வகுப்புப் படங்கள் போயின. பள்ளி முகவரி வந்தது. அதோடு முடிந்திருக்கவேண்டும். முகவரிக்குக் கீழே, மஞ்சளில் வெள்ளையாக, வரிவரியாக ஆங்கில எழுத்து. போக்கர் ஃபோர் பிகினர்ஸ். லேர்ன் போக்கர் ஈஸி. போக்கர் ஃபோர் பிகினர்ஸ். திரும்பத் திரும்ப அதுவேதான், திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும்.

"ரீச்சர், இதென்ன போக்கர் எண்டு கிடக்கு?" முன்வரிசையிலிருந்து கீர்த்திகா சத்தமாகக் கேட்டாள். மகளுக்கு ஏடு தொடக்க வந்த தாய். "எங்கடை பள்ளிக்கூடத்துப் பக்கத்திலையோ?"

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கியது. மாதக்கணக்காக அவருடைய கணினியில் நான் பார்த்த அதே சொற்கள். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, கூகிள் மட்டும் வாசிக்கும். மதிப்பான இடம் என்று அவர் சொன்னது என் பள்ளியை! அவருடைய மாப்பிள்ளை நல்லவன் என்று எங்கள் சின்னதுகளைக்கொண்டு சொல்ல வைத்திருக்கிறார். நான் மஞ்சள் கேட்காமல் விட்டிருந்தால் அது அப்படியே கிடந்திருக்கும்.

கால் விரலிலிருந்து காது வரைக்கும் எனக்குச் சுட்டது. மண்டபத்துக்குள் அவரைத் தேடினேன். பின்சுவரோடு, கையில் மிச்ச மாலையோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தார்.

"மாஸ்டர்," என்றார் சச்சிதானந்தன். குரல் மாறியிருந்தது. "தளத்திலை கை வைக்கிறது நீங்கள்தானே?"

"நான் அறிவித்தல் மட்டும்தான் போடுறனான். இது எனக்குத் தெரியாது, சத்தியமாய்."

"சீட்டிலை உங்களுக்கு இருக்கிற விருப்பம் எல்லாருக்கும் தெரியும். வீட்டிலை விளையாடுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? பிள்ளையளின்ரை பக்கத்திலையோ?"

"நாங்கள் விளையாடுறது காசுக்கில்லையே, அண்ணை..."

யாரோ "சீ" என்றார்கள். மாஸ்டருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. திரை வெளிச்சத்தில் அவர் முகமும் மஞ்சளாகத் தெரிந்தது. அவர் என்னைத்தான் பார்த்தார். ரீச்சர் ஒரு சொல்லுச் சொல்லுவா என்று பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சொன்னால் என் வீட்டு மானம் இந்தப் பாயிலேயே போய்விடும். சொல்லாவிட்டால் மாஸ்டர் போவார், நான் ரீச்சராகவே இருப்பேன். இவ்வளவு பேசுகிற நான், அந்த இடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது, போக்கரை நினைக்க இல்லை.

"இனி வகுப்புப் பக்கம் வராதேங்கோ," என்று தலைவர் சொன்னதும் மாஸ்டர் கதிரையைப் பின்னால் தள்ளினார். அந்தச் சத்தத்தில் நான் எழும்பிவிட்டேன்.

"மாஸ்டருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை," என்றேன். "இது என்ரை மனுசன்ரை வேலை. என்ரை வீட்டு வேலை."

சச்சிதானந்தன் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார், நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

"ரீச்சர், உங்கடை மனசு எங்களுக்குத் தெரியும். மாஸ்டரைக் காப்பாத்தப் பாக்கிறியள். அதுக்காக சுபாசைக் கொண்டுவந்து நிப்பாட்டலாமோ? அந்த மனுசனுக்கு ஸ்பேட் எது, கிளாவர் எது எண்டே தெரியாது."

சனம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தர் கை தட்டினார். பிறகு இன்னும் சிலர் தட்டினார்கள். எனக்கு! கீர்த்திகா கண்ணைத் துடைத்தாள். நான் "இல்லை, உண்மையாய்" என்று சொல்லச் சொல்ல, அவர்கள் என்னை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்துக்கொண்டே போனார்கள். எந்தச் சொல்லுக்கு மதிப்பு என்று மார்தட்டினேனோ, அந்த மதிப்பாலேயே நான் சொன்ன உண்மையை ஒருத்தரும் நம்பவில்லை.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினேன், வீட்டில் கத்துகிற அதே குரலில். "வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!"

சுபாஸ்கரன் மாலையோடு முன்னுக்கு வந்தார். "ஓம். நான்தான் செய்தனான்," என்றார். "போக்கர் என்ரை தளம். மாஸ்டர் பாவம்."

"நீரும் மனிசிக்கு ஒத்தூதாதையும் ஐசே," என்றார் சச்சிதானந்தன். "வாயாலை ஆரும் சொல்லலாம். ஆதாரம் என்ன?"

கஸ்பர் மாஸ்டர் இன்னும் மடிக்கணினிக்குப் பக்கத்தில்தான் நின்றார். "ஆதாரம் இதுக்குள்ளை இருக்குமெல்லோ," என்று சொல்லிக்கொண்டு, அந்த வெள்ளை எழுத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார்.

"மாஸ்டர்! அதை அமத்தாதேங்கோ!" என்று என் மனுசன் பாய்ந்தார். அவர் குரலில் பயத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். மாலை கீழே விழுந்தது.

மாஸ்டர் இணைப்பை அமத்திவிட்டார். போக்கர் தளம் திறந்தது.

முதலில் பச்சை வந்தது. சீட்டுகள் நாலைந்து விசிறி போல விரிந்து வந்தன. அதற்கு மேலே, திரை முழுவதும், ஊதாப் பட்டுச்சேலையோடு நான். வைரத்தோடு பளபளக்க, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆங்கிலம்: இருபது வருட அனுபவமுள்ள டீச்சர் நகுலாவிடம் போக்கர் பழகுங்கள். இந்த டீச்சரை நீங்கள் நம்பலாம்.

ஒரு பொடியன் "டீச்சர்!" என்று கூவினான். தாய் அவன் வாயைப் பொத்தினாள்.

இப்போது எல்லோரும் நம்பினார்கள். சச்சிதானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போடவில்லை. கை தட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். கீர்த்திகா மகளின் தோளைப் பிடித்து, வரிசையிலிருந்து ஓரடி பின்னால் இழுத்தாள். அதை நான் பார்த்தேன். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த ஓரடியை மறக்க மாட்டேன்.

"தளத்தை ஆர் எழுதினது எண்டு காட்ட ஒரு முகம் வேணும், நகுலா," என்று சுபாஸ்கரன் என் காதருகில் முணுமுணுத்தார். "உம்மிலும் பாக்க மதிப்பான முகம் என்னட்டை வேறை இல்லை."

அடிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. "தலைவர், ஐயரைக் கூப்பிடுங்கோ," என்றேன். "நான் எழுதக்கூடாது." பாயைவிட்டு விலகி நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். அதே ஊதாச் சேலையைத்தான் அன்றைக்கும் உடுத்தியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரை கறுத்தது. கஸ்பர் மாஸ்டர் சுவரிலிருந்து வயரை இழுத்துவிட்டிருந்தார். வயரைக் கீழே போட்டுவிட்டு, இரண்டாவது வரிசைக்குப் போய், தன்னுடைய மகளின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுருள்முடிக்காரி, மூன்று வயது, கழுத்தில் சின்னச் சிலுவை.

"இருங்கோ ரீச்சர்," என்றார்.

"மாஸ்டர், என்னாலை ஏலாது. நான் உடனே சொல்லேல்லை. நீங்கள் என்னைப் பாத்தனீங்கள், நான் சொல்லேல்லை."

"அது எனக்குத் தெரியும்," என்றார். குரலில் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. "இப்ப இருங்கோ. இவள் உங்களிட்டைத்தான் எழுதுவாள்."

நான் இருந்தேன். அவர் பிள்ளையை என் மடியில் வைத்தார். அது திரும்பி என் முகத்தைப் பார்த்தது, பிறகு கறுத்த திரையைப் பார்த்தது.

"நீங்கள் ரீவியிலை வந்தனீங்கள்," என்றது.

"ஓம் குஞ்சு."

"ஏன் போயிட்டீங்கள்?"

"எழுதுவம் வா," என்றேன்.

அதன் விரலைப் பிடித்து அரிசியில் வைத்தேன். ஆனாவின் சுழியைப் போட்டேன், வளைத்தேன், மெதுவாகக் கீழே இழுத்தேன். எந்தப் பிள்ளைக்கும் நான் அவ்வளவு மெதுவாக எழுதினதில்லை. எழுதி முடித்தால் நிமிர்ந்து பார்க்கவேண்டும். இந்தப் பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கவேண்டும்.